ஒரு ஃபைலுக்கு மெமரியில் ஒரே ஐநோடு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: “இறுதியாண்டு புராஜெக்டுக்காக எக்ஸ்வி6-ஐ அடிப்படையாக வைத்து ஒரு சின்ன கெர்னல் எழுதுகிறேன். ஈஎக்ஸ்டி2 டிஸ்கைப் படிக்கும்படி செய்துவிட்டேன். ஐநோடுகளை வரிசையாகத் தேடிய இடத்தில் ஹாஷ் டேபிள் போட்டேன். அப்போதிலிருந்து இரண்டு பிராசஸ்கள் ஒரே ஃபைலில் எழுதினால், சில சமயம் ஒன்று எழுதியது காணாமல் போகிறது. ஹாஷ் ஃபங்ஷனை மாற்றியும் பயனில்லை. எத்தனை பக்கெட் வைக்க வேண்டும்?”

புதியவர்களுக்கு முதலில் சில சொற்கள். எக்ஸ்வி6 என்பது பாடத்துக்காக எழுதப்பட்ட சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம். ஈஎக்ஸ்டி2 என்பது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஒன்று. ஐநோடு என்பது ஒரு ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும், எண்ணிட்ட பதிவு. ஹாஷ் டேபிளில் அந்த எண்ணை ஹாஷ் ஃபங்ஷன் கலைத்து எந்தப் பக்கெட் என்று சொல்லும்; ஒரே பக்கெட்டில் விழுபவை ஒரு சங்கிலியாகக் கோக்கப்படும்.

பக்கெட்டை அப்புறம் பார்க்கலாம். சிக்கல் அங்கே இல்லை.

ஐநோடு கேஷ், அதாவது மெமரியில் வைத்திருக்கும் ஐநோடுகளின் தொகுப்பு, என்றதும் அது வேகத்துக்காக என்றுதான் தோன்றும். வேகமும் வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் அது காப்பாற்ற வேண்டிய விதி ஒன்று உண்டு: டிஸ்கில் உள்ள ஒரு ஐநோடுக்கு மெமரியில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கலாம். ஃபைலின் அளவு, பிளாக் எண்கள், லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) எல்லாம் அந்தப் பிரதிக்குள் இருக்கின்றன. பிரதி இரண்டானால் லாக்கும் இரண்டு. ஃபைலின் அளவு 4096 பைட் என்று வையுங்கள். முதல் பிராசஸ் 100 பைட் சேர்த்து 4196 என்று குறிக்கிறது. இரண்டாவது தன் பிரதியில் இன்னும் 4096 என்றே பார்த்து, அதே இடத்தில் 60 பைட் எழுதி 4156 என்று குறிக்கிறது. டிஸ்குக்குக் கடைசியாகப் போவது எதுவோ அதுதான் நிற்கும்.

பழைய கோடில் இது ஏன் வரவில்லை? ஐநோடைத் தேடித் தரும் எக்ஸ்வி6-இன் ஐகெட் ஃபங்ஷன் டிஸ்கைத் தொடுவதே இல்லை. டேபிள் முழுவதற்குமான லாக்கைப் பிடித்து, தேடி, இல்லையென்றால் ஒரு இடத்தை அந்த எண்ணின் பெயரில் பிடித்துவிட்டுத் திரும்பிவிடும். டிஸ்கைப் படிப்பது பிறகு, ஐநோடைப் பூட்டும் ஐலாக்கில். நீங்கள் ஹாஷ் டேபிள் போடும்போது இந்த வரிசையை மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: தேடுவது, லாக்கை விடுவது, டிஸ்கைப் படிப்பது, பிறகு டேபிளில் சேர்ப்பது. டிஸ்குக்காகத் தூங்கும் அந்த இடைவெளியில் இன்னொரு பிராசஸ் வந்து தேடும், அதற்கும் கிடைக்காது, அதுவும் ஒரு பிரதி செய்யும். ஒரே சிபியு இருந்தாலும் இது நடக்கும்.

எனவே முதலில் டேபிளில் சேருங்கள், பிறகு படியுங்கள். ‘இன்னும் படித்து முடிக்கவில்லை’ என்று ஒரு கொடி போட்டுச் சேர்த்தால், பின்னால் வருபவர் அதையே கண்டுபிடித்து, கொடி இறங்கும்வரை காத்திருப்பார். லினக்ஸின் ஐகெட்_லாக்டு செய்வதும் இதுதான். தேடிப் பார்க்கும், இல்லையென்றால் புது ஐநோடுக்கு மெமரி வாங்கும், லாக்கைப் பிடித்து மறுபடி தேடும், அப்போதும் இல்லையென்றால்தான் ஐ_நியூ கொடியோடு செருகும். அந்த இரண்டாவது தேடலை விட்டுவிடாதீர்கள். மெமரி வாங்கும்போதும் தூக்கம் வரலாம்.

வெளியே எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ரெஃபரன்ஸ் கவுண்ட் (இப்போது பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கை) பூஜ்யமானால் ஐநோடைத் தூக்கி எறிய வேண்டாம். டேபிளிலேயே இருக்கட்டும், கூடவே ஒரு எல்ஆர்யு பட்டியலிலும் (நெடுநேரம் தொடாததை முதலில் நீக்குவதற்கான வரிசை) சேருங்கள். அடுத்த நொடியே யாராவது கேட்பார்கள். லிங்க் கவுண்டும் (ஃபைலுக்கு டிஸ்கில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை) பூஜ்யமாகிவிட்ட ஐநோடு மட்டும் விதிவிலக்கு: அதன் பிளாக்குகளை டிஸ்கில் விடுவித்துவிட்டு உடனே அப்புறப்படுத்துங்கள். இடம் தேவைப்பட்டு மற்றதை நீக்கும்போது, மாறிய விவரம் டிஸ்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகே டேபிளிலிருந்து எடுங்கள். முன்னாலேயே எடுத்தால், அந்த இடைவெளியில் கேட்பவருக்கு டிஸ்கில் இருக்கும் பழைய விவரம்தான் கிடைக்கும். இந்தத் தவறில் நான் இரண்டு வாரம் தொலைத்திருக்கிறேன்.

இன்னொன்று: டேபிளில் தேடும்போது ஐநோடு எண்ணோடு டிவைஸ் எண்ணையும் ஒப்பிடுகிறீர்களா? கடலூர்–புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையில் நின்றுகொண்டு 2345 வண்டியைப் பிடியுங்கள் என்றால், டிஎன் 31-ஆ பிஒய் 01-ஆ என்று கேட்பார்கள் இல்லையா, அதே கதைதான். ஈஎக்ஸ்டி2-இல் ரூட் டைரக்டரி எப்போதும் ஐநோடு 2. எண்ணை மட்டும் பார்த்தால், மவுண்ட் செய்த பென்டிரைவுக்குள் உங்கள் ஹார்ட் டிஸ்கின் ரூட் தெரியும்.

சரி, பக்கெட். எக்ஸ்வி6-இல் மொத்தமே 50 இடம். அதை வரிசையாகத் தேடுவதில் தவறே இல்லை. நான்காயிரம் ஐநோடு வைத்துக்கொள்வீர்கள் என்றால் 1024 பக்கெட் போதும், ஒரு சங்கிலிக்குச் சராசரியாக நான்கு வரும். என் 16 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸ் பூட் ஆகும்போது 1048576 பக்கெட், 8388608 பைட் என்று காட்டுகிறது. பக்கெட்டுக்கு 8 பைட், அதாவது ஒரு பாயிண்டர்.

எண்ணிக்கையைவிட எண்ணைக் கலைப்பதுதான் முக்கியம். 1024-ஆல் வகுத்து மீதியை எடுக்காதீர்கள். 4 கேபி பிளாக், 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்று ஃபார்மேட் செய்தால் ஒரு பிளாக் குரூப்புக்கு (டிஸ்கைப் பிரித்த ஒரு பகுதிக்கு) 8192 ஐநோடு. மேல்மட்ட டைரக்டரிகளை ஈஎக்ஸ்டி2 வெவ்வேறு குரூப்களில் பரப்பி வைக்கும். 8193, 16385, 24577 என்று வரும் எண்கள் எல்லாவற்றுக்கும் மீதி 1. அடிக்கடி தேடுபவை ஒரே சங்கிலியில் போய் விழும். டிவைஸ் எண்ணைச் சேர்த்துக்கொண்டு 2654435769-ஆல் பெருக்கி, கிடைக்கும் 32 பிட்டில் மேலே உள்ள 10 பிட்டை எடுங்கள்.

திருத்திய பிறகு சோதிக்க ஒரு வழி. க்யூஎமுவில் (கணினியை மென்பொருளாகவே நடித்துக் காட்டும் எமுலேட்டர்) டிஸ்க் சட்டென்று பதில் சொல்லிவிடுவதால் பிழை ஒளிந்துகொள்ளும். ஐநோடு படிக்கும் இடத்தில் வேண்டுமென்றே அரை நொடி தூங்க வையுங்கள். இரண்டு பிராசஸ்கள் ஃபைலை ஒரே நேரத்தில் திறந்து ஆளுக்கு 1000 வரி கடைசியில் சேர்க்கட்டும். ஒவ்வொரு முறையும் கடைசி இடத்தைப் பார்ப்பதும் எழுதுவதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும். பிறகு வரிகளை எண்ணுங்கள். 2000-க்கு ஒன்று குறைந்தாலும் எங்கோ இன்னும் இரண்டு பிரதி உருவாகிறது. அப்போது சேர்க்கும் இடத்தில், அதே டிவைஸ், அதே எண் அந்தச் சங்கிலியில் ஏற்கெனவே இருந்தால் கெர்னல் பேனிக் ஆகி அங்கேயே நிற்கும்படி ஒரு வரி போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.