ரோட்டரி டேபிளுக்கு அப்சல்யூட் என்கோடர்: 26 பிட்டா, 29 பிட்டா?

பழைய மெஷினிங் சென்டரின் 1:90 வோர்ம் கியர் டேபிளுக்கு (மோட்டார் 90 சுற்று சுற்றினால் டேபிள் ஒரு சுற்று) அப்சல்யூட் என்கோடர், அதாவது மின்சாரம் போய் வந்தாலும் கோணத்தை உடனே சொல்லும் அளவி, எத்தனை பிட்டில் வாங்கலாம் என்றுதானே கேட்கிறீர்கள்? அப்படியென்றால் பிட் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 26 பிட்டிலேயே ஒரு சுற்றுக்குச் சுமார் 6.7 கோடி நிலைகள், அதாவது நிலைக்கு 0.02 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட்). கண்ட்ரோல் (மெஷினை இயக்கும் கணினி) எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதுதான் அது. டேபிள் சரியான இடத்தில் நிற்குமா என்பது வேறு கதை.

என்கோடரை எங்கே மாட்டப் போகிறீர்கள்? மோட்டார் பின்னால் என்றால் கியர் தேய்மானமும் பேக்லாஷும் (பற்களுக்கிடையே உள்ள தளர்வு) அதன் கண்ணில் படவே படாது. இன்னொன்று, கோணத்தோடு சுற்றுகளையும் எண்ணும் மல்டிடர்ன் வகை பெரும்பாலும் 4096 சுற்று எண்ணும். 4096 தொண்ணூறால் மீதியின்றி வகுபடாது. டேபிள் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், எண்ணிக்கை மறுபடி தொடங்கும் இடத்தில் டேபிளின் பூஜ்யம் இருக்காது. கண்ட்ரோல் தனியாகக் கணக்கு வைத்தால்தான் உண்டு. டேபிள் தண்டிலேயே மாட்டினால் ஒரு சுற்றுக்குள் மட்டும் அளக்கும் சிங்கிள்டர்ன் போதும், இந்த வம்பே இல்லை.

அப்புறம், மாட்டும் விதம். ±1 ஆர்க் செகண்ட் என்று பெருமையாக வாங்கிய 200 மி.மீ. விட்ட என்கோடர் வளையம் ஒன்றை நானே அவசரத்தில் பொருத்தினேன். மையம் 10 மைக்ரான் தள்ளிப்போயிற்று. சோதித்துப் பார்த்தால் சுற்றுக்கு ஒரு அலையாக ±20 ஆர்க் செகண்ட் பிழை! 250 மி.மீ. ஆரத்தில் அது 25 மைக்ரான். எதிர்ப்பக்கம் இரண்டாவது ரீடிங் ஹெட் (வளையத்தைப் படிக்கும் உணரி) வைத்து இரண்டின் சராசரியை எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. பொறுமையாக டயல் கேஜ் வைத்து மையத்தைச் சரிபார்க்க ஆளில்லை என்றால், ஹைடன்ஹைன் கம்பெனியின் ஆர்சிஎன் போல பேரிங்கும் கப்ளிங்கும் உள்ளேயே இருக்கும் வகையை எடுங்கள். விலை கடிக்கும், தூக்கம் வரும்.

இன்டர்ஃபேஸை ஆர்டருக்கு முன் இரண்டு தடவை பாருங்கள். ஃபானுக் கண்ட்ரோலுக்கு அதன் சீரியல், சீமென்ஸுக்கு டிரைவ்-கிளிக், ஹைடன்ஹைனுக்கு என்டாட். வெளியே பார்க்க எல்லாம் ஒரே டப்பாதான், பேசும் மொழி வேறு.

கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு திரவம்) தெறிக்கும் இடமென்றால் வடிகட்டிய உலர்ந்த காற்றை சீல் ஏராக, அதாவது என்கோடருக்குள் அது புகாமல் தடுக்கும் காற்றாகக் கொடுக்க வழி இருக்கட்டும். கம்ப்ரசர் தண்ணீர் கலந்த காற்றை அனுப்பினால் கொடுக்காமலிருப்பதே மேல்.

உங்கள் டேபிளுக்கு நானாயிருந்தால் தண்டில் நேரடியாக, பேரிங் உள்ள, ±5 ஆர்க் செகண்ட் 26 பிட் வகை. 29 பிட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் வோர்ம் வீலை மாற்றுவேன்.