நிற்க நேரமில்லை என்கிறோமே, ஏன்? – கேள்வி பதில்

ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிட்டோம் என்று மக்கள் எழுதித் தரும் நாட்குறிப்புகளைப் படித்து வகைப்படுத்துவது என் தொழில். ஓய்வின்மைக்கான சமூக, பொருளாதாரக் காரணங்களைப் பற்றி மட்டுமே இங்கே பதில் சொல்ல முடியும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வேலை செய்யும் மணிக்கணக்கு ஒன்று, நேரம் நெருக்குகிறது என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நூறு ஆண்டுகளுக்குள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தாலே போதும் என்ற நிலை வரும் என்று பொருளாதார அறிஞர் கெயின்ஸ் 1930-இல் எழுதினார். அது ஏன் நடக்கவில்லை?

பதில்: அவர் கணக்கில் ஒரு பாதி பலித்தது. வளர்ந்த நாடுகளில் ஆள் ஒருவருக்கான உற்பத்தி அவர் எதிர்பார்த்தபடியே பன்மடங்கு பெருகியது. வேலை நேரமும் வெகுகாலம் குறைந்துகொண்டுதான் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே கொண்டுவந்தது. 1935-இல் 40 மணி நேர வாரம் என்ற கொள்கையையும் ஏற்றது. அதற்குப் பிறகு பல நாடுகளில் இந்த இறக்கம் மெதுவாகி, சில இடங்களில் நின்றேபோனது.

காரணங்களில் முதன்மையானது பங்கீடு. உற்பத்தி பெருகியதன் பலன் எல்லோர் சம்பளத்திலும் சமமாக ஏறவில்லை. சம்பளம் தேங்கிய குடும்பம் நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது, ஒருவர் சம்பாதித்த இடத்தில் இருவர் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, நாம் விரும்புகிறவற்றுள் சில, எவ்வளவு உற்பத்தி செய்தாலும் பெருகாதவை. நல்ல பள்ளிக்கு அருகில் ஒரு வீடு, பெயர்பெற்ற கல்லூரியில் ஓர் இடம் ஆகியவற்றுக்கு எல்லோரும் கூடுதலாக உழைத்தால் விலையும் தகுதி வரம்பும்தான் உயருமே தவிர, இடங்களின் எண்ணிக்கை உயராது. இவற்றோடு, பலரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஓர் ஊழியரைச் சேர்த்தால் பயிற்சி, காப்பீடு, மேற்பார்வை என ஆள்கணக்கில் ஆகும் செலவு அவர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் மாறுவதில்லை. ஆகவே 25 மணி நேரம் உழைக்கும் இருவரைவிட 50 மணி நேரம் உழைக்கும் ஒருவரே முதலாளிக்கு மலிவு. பாதிச் சம்பளம் போதும், பாதி நேரம் கொடுங்கள் என்று கேட்கிறவருக்குப் பெரும்பாலும் அப்படியொரு வேலையே கிடைப்பதில்லை.

கேள்வி: சம்பளம் கூடக்கூட நேரம் குறைவது போல் இருக்கிறதே, இது மனப்பிரமையா?

பதில்: பிரமை இல்லை. பொருளாதார அறிஞர்களான கேரி பெக்கர் 1965-இலும், சுவீடனின் ஸ்டஃபான் லிண்டர் 1970-இலும் இதை விளக்கினார்கள். ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் பணம் கூடும்போது, அந்த ஒரு மணி நேரத்தைச் சும்மா கழிப்பதால் இழக்கும் பணமும் கூடுகிறது. வாங்கிய பொருளைப் பயன்படுத்தவும் பராமரிக்கவும் நேரம் வேண்டும். பொருள்கள் பெருகுகின்றன, நாள் மட்டும் அதே 24 மணி நேரமாக நிற்கிறது. மணிக்கணக்கு ஏறாமலேயே நெருக்கம் ஏறுவது இப்படித்தான்.

கேள்வி: அதிகாலையில் எழுந்தால் நேரம் மிச்சமாகுமா? நேர மேலாண்மைக்கு எந்தச் செயலி நல்லது?

பதில்: இது என் துறை அன்று.

கேள்வி: துவைக்கும் இயந்திரமும் தூசி உறிஞ்சியும் வந்த பிறகும் வீட்டு வேலை ஏன் தீரவில்லை?

பதில்: வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் இதற்கு விடை தந்தார். இயந்திரங்கள் வருமுன் வீட்டு வேலை பலர் கையில் இருந்தது: ஆண்கள் விறகு பிளந்தார்கள், பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள், துணி சலவைக்கு வெளியே போனது. அடுப்பும் குழாயும் ஆண்கள், பிள்ளைகளின் வேலையை எடுத்துக்கொண்டன. துவைக்கும் இயந்திரமோ வெளியே போன வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்து இல்லத்தரசியிடம் ஒப்படைத்தது. தூய்மைக்கான அளவுகோலும் கூடவே உயர்ந்தது. வாரம் ஒருமுறை மாற்றிய உடையைத் தினமும் மாற்றத் தொடங்கினால், இயந்திரம் மிச்சம் பிடித்த நேரம் அதே இயந்திரத்தின் முன்னாலேயே செலவாகிவிடும்.

கேள்வி (புள்ளியியல் படித்தவர்): நீங்கள் நம்பும் அதே நாட்குறிப்புகளை வைத்து, அமெரிக்காவில் 1965-க்கும் 2003-க்கும் இடையே ஆண்களின் ஓய்வு வாரத்துக்கு 6 முதல் 9 மணி நேரமும், பெண்களின் ஓய்வு 4 முதல் 8 மணி நேரமும் கூடியதாகப் பொருளாதார அறிஞர்கள் அகியாரும் ஹர்ஸ்டும் 2007-இல் காட்டினார்கள். அப்படியானால் ஓய்வின்மை என்பதே வெறும் புலம்பல்தானே?

பதில்: எண்கள் சரி. முடிவு தவறு. அதே ஆய்வு ஓய்வில் ஏற்றத்தாழ்வு கூடியதையும் காட்டியது: குறைந்த கல்வி பெற்றவர்களின் ஓய்வு அதிகமாகவும், உயர்கல்வி பெற்றவர்களின் ஓய்வு குறைவாகவும் கூடியது. சராசரி இவ்விரு சாராரையும் ஒரே எண்ணுக்குள் மறைத்துவிடுகிறது.

நாட்குறிப்புத் தாளையே பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக ஒரு நாளுக்கு 144 கட்டங்கள் இருக்கும். ஒரு பத்தியில் முதன்மையாகச் செய்தது, அடுத்ததில் கூடவே செய்தது, அதற்கடுத்ததில் உடன் இருந்தவர். ஒரே வீட்டின் இரண்டு தாள்கள் என் மேசைக்கு வந்தன. இரண்டிலும் மாலை ஓய்வு 12 கட்டங்கள், அதாவது 2 மணி நேரம். கணவருடைய தாளில் எட்டு மணிக்கு ‘தொலைக்காட்சி’ என்று ஒருமுறை எழுதி, பத்து மணி வரை ஒரே அம்புக்குறியை இழுத்துவிட்டிருந்தார். மனைவியின் தாளில் அந்த 12 கட்டங்களும் ஏழு துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன; ‘கூடவே’ என்ற பத்தியில் துணி மடித்தது, பிள்ளையின் பாடம், அலுவலகச் செய்திக்குப் பதில் என்று சின்னச் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். கூட்டினால் இருவருக்கும் 120 நிமிடம். மணிக்கணக்கையும் நெருக்கத்தையும் குழப்பக் கூடாது என்று நான் சொல்வது இந்தத் தாள்களைப் பார்த்துப் பார்த்துத்தான்.

அதே அன்பர் மீண்டும்: வயலில் வேலை செய்துகொண்டே பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தாய்மார்கள் அக்காலத்திலும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது புதிதல்லவே.

பதில்: இதை ஏற்றுக்கொள்கிறேன், ஒருசேரச் செய்வது மட்டுமே புதுமை என்று நான் எழுதியிருந்தால் அது பிழை. ஆனால் அந்தத் தாயின் இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் நடந்தன. ஆலைக்கு முந்தைய உழைப்பு எடுத்த வேலையை முடிப்பதை அளவாகக் கொண்டது என்றும், ஆலை வந்த பிறகே கடிகாரம் அளவானது என்றும் வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1967-இல் எழுதினார். இன்று ஒருவர்மீது பல கடிகாரங்கள் ஓடுகின்றன: அலுவலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, வேறு நேர மண்டலத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒன்று. இவற்றில் எதையும் அவர் திருப்பி வைக்க முடியாது.

கேள்வி (மருத்துவமனைச் செவிலியர்): மேலே பேசும் அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அழைத்தால் வர வேண்டும் என்ற நாளில் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால், உங்கள் தாளில் அது ஓய்வாகத்தான் பதிவாகும், அல்லவா அம்மா?

பதில்: ஆம், பெரும்பாலும் அப்படித்தான் பதிவாகும். இந்த விவாதத்தில் இதுவரை வந்தவற்றுள் மிகச் சரியான குறை இது. அந்த நேரத்தில் வெளியூர் போக முடியாது, ஆழ்ந்து தூங்க முடியாது. நேரம் உங்களுடையது, அதன்மீதான முடிவு மற்றவருடையது.

அதே புள்ளியியல் அன்பர்: சரி, வேறு ஒன்று. ‘நான் பிசி’ என்பதே இப்போது பெருமையாகிவிட்டது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். 1899-இல் பொருளாதார அறிஞர் வெப்லன் எழுதியபோது, உழைக்காமல் இருப்பதே மேட்டுக்குடியின் அடையாளம். 2017-இல் பெலெசா, பஹாரியா, கெய்னன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் ஓய்வில்லாமல் உழைப்பவரையே உயர்ந்த நிலையில் இருப்பவராக எண்ணுவது தெரியவந்தது. அரிய திறமைக்குக் கிராக்கி அதிகம் என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. ஆனால் இரண்டு இடங்களில் துப்புரவு வேலை செய்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவரின் ஓய்வின்மைக்கு இந்தப் பெருமையில் எவரும் பங்கு கொடுப்பதில்லை. பெருமை, ஓய்வின்மையின் ஒரு பகுதிக்கு மட்டுமே விளக்கம். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: திட்டமிட்டு வாழ்ந்தால் எல்லோருக்கும் நேரம் இருக்கும் என்கிறார்களே?

பதில்: நேர மேலாண்மைக் கேள்வி இரண்டாம் முறை வருகிறது. அடுத்த வார ஷிப்ட் என்னவென்று முந்தின நாள்தான் தெரியவரும் ஒருவர் எதைத் திட்டமிடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (செயலிவழிப் பொருள் கொண்டு சேர்ப்பவர்): பகல் முழுவதும் வண்டியோடு தெருவில் நிற்கிறேன், ஆனால் வேலை செய்த நேரம் குறைவு என்று செயலி காட்டுகிறது.

பதில்: கடையில் ஆள் வராத நேரத்துக்கும் விற்பனையாளருக்குச் சம்பளம் உண்டு, அந்த மந்தமான நேரத்தின் செலவு முதலாளியுடையது. எடுத்துச் சென்ற பொருளுக்கு மட்டும் கூலி என்ற ஏற்பாட்டில், காத்திருக்கும் நேரத்தின் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது. காத்திருக்க வைப்பதற்கு நிறுவனம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதால், அதைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. உங்கள் நாள் நீள்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், உங்கள் சோம்பல் அன்று.

கேள்வி: மின்னஞ்சல் வேலையைச் சுலபமாக்கியதா, கூட்டியதா?

பதில்: அனுப்புகிறவருக்குச் சுலபமாக்கியது. ஒருவருக்கு அனுப்புவதும் ஐம்பது பேருக்கு அனுப்புவதும் அவருக்கு ஒரே செலவு. படிக்கும் செலவை ஐம்பது பேரும் தனித்தனியே சுமக்கிறார்கள்.

கேள்வி: நீண்ட நேரம் உழைத்தால் உடல் கெடுமா?

பதில்: 2021-இல் உலகச் சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 35–40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 35% அதிகம். உங்கள் உடல்நிலையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து மணிக்கு எழும் பழக்கம் பற்றி உங்கள் கருத்து?

பதில்: மூன்றாம் முறை. ஐந்து மணிக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குப் படுக்க முடிகிறது என்பதை அவருடைய வேலைதான் முடிவு செய்கிறது. அந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள், விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகச் செய்திகளுக்குப் பதில் தராமல் இருக்கும் உரிமை பிரான்சில் உண்டாமே, அதனால் பயன் இருக்குமா?

பதில்: 2017 முதல் அங்கே, 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் இதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேச்சு நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் மூவர் செய்ய வேண்டிய வேலையை இருவரிடம் விட்டுவிட்டு இரவுச் செய்திகளை மட்டும் தடுத்தால், அவை அத்தனையும் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரேயடியாக வந்து விழும். ஆகவே உங்கள் நிறுவனத்தில் இப்படிப் பேச்சு நடந்தால், எத்தனை மணிக்கு மேல் செய்தி வரக் கூடாது என்பதோடு, அந்த வேலைக்கு எத்தனை பேர் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.