லூசில் பாலும் எங்கள் அண்டி ஆபீசும்

கேள்வி: ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் நடிகை லூசில் பால் டிவியில் அவ்வளவு உயரத்துக்குப் போனது எப்படி? கடைசிக் காலத்தில் அவருடைய நிகழ்ச்சி ஏன் எடுபடாமல் போனது?

இதற்குச் சரியான பதில் என் அம்மையிடம்தான் இருக்கிறது. அவள் இந்தத் தளத்துக்கெல்லாம் வரமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மை 20 வருடத்துக்கு மேல் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். முந்திரிப் பருப்புக் கம்பெனியைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வறுத்த கொட்டையைத் தல்லி உடைப்பது, உள்தோலை உரிப்பது, முழுசு வேறு உடைசல் வேறு என்று பிரிப்பது, இதுதான் வேலை. பாதி நாள் தரையில் குத்தவைத்துத்தான். ஓட்டிலிருந்து வரும் கறை பட்டால் தோல் வெந்துபோகும் என்று கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். கூலி கிலோ கணக்கு. அம்மை முதலில் உடைப்பில் இருந்தாள், அப்புறம் தோலுரிப்புக்கு மாறினாள். இன்றைக்கும் ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் மெஷின் லேசில் ஒத்துக்கொள்ளாது. மூன்று விரலாவது மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

2020 ஊரடங்கில் ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். சீரியல்களும் ஷூட்டிங் இல்லாமல் நின்றுபோயின. எங்கள் வீட்டில் தமிழ், மலையாளம் இரண்டும் ஓடும் (1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஆரம்பித்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து ஆன்டெனாக்கள் பலதும் அங்கே பார்த்துத்தான் நின்றன). இரண்டுமே இல்லாமல் அம்மைக்குப் பொழுது போகவில்லை. ‘எதையாவது போடு மக்ளே’ என்றாள். நான் யூடியூபில் லூசியின் சாக்லேட் காட்சியைப் போட்டேன்.

1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான எபிசோடு அது. வீட்டு வேலை கஷ்டமா, சம்பாதிப்பது கஷ்டமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம். ஆண்கள் வீட்டில் இருக்க, லூசியும் பக்கத்து வீட்டு எதல் என்ற பெண்ணும் சாக்லேட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். முதலில் லூசியை, சாக்லேட்டில் முக்கி எடுக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். அந்தப் பெண் சிரிக்கவே மாட்டாள். முகத்தைத் தூக்கிப் பார்க்கவும் மாட்டாள். கை மட்டும் போய்வந்துகொண்டிருக்கும். அம்மை திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: ‘மத்தவ நடிக்கா. இவ நடிக்கல்ல, கேட்டியா. இவ வேலைக்காரி. கையப் பாரு.’

அப்புறம் தேடிப் படித்தேன். நிஜம்தான். அந்தப் பெண் நடிகையே இல்லை, சாக்லேட் முக்கும் தொழில் செய்தவர். நிஜமான தொழிலாளியையே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் அவர் லூசியின் முகத்தில் ஒன்று போட வேண்டும். போட்டது நிஜமாகவே பலமான அறை என்று லூசில் பால் பின்னால் சொல்லியிருக்கிறார். 70 வருடத்துக்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், ஒரு வார்த்தை புரியாமல், அம்மை இதைக் கண்டுபிடித்தாள்.

பிறகு பெல்ட் காட்சி. சாக்லேட் வரிசையாக வரும், காகிதத்தில் சுற்றி விட வேண்டும். ஒன்றுகூடச் சுற்றாமல் போகக் கூடாது, போனால் வேலை போய்விடும் என்று மேலாளம்மா மிரட்டிவிட்டுப் போகிறாள். பெல்ட் வேகம் கூடுகிறது. இரண்டு பேரும் வாயில் திணிக்கிறார்கள், தொப்பியில் ஒளிக்கிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேலாளம்மா வந்து பார்க்கிறாள், பெல்ட் காலி. ‘பரவாயில்லையே’ என்று இன்னும் வேகத்தைக் கூட்டச் சொல்கிறாள்.

அம்மை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பாணி அடங்க நேரம் பிடித்தது. எனக்கு அது வெறும் வேடிக்கை. அவளுக்கோ அந்த மேலாளம்மாவை நேரிலேயே தெரியும்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம், லூசில் பாலின் உயரத்தை டிஆர்பி கணக்கை விட இது நன்றாகச் சொல்கிறது என்பதுதான். சரி, கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். 3 வயதில் அப்பா டைபாய்டில் போய்விட்டார். நாடகப் பள்ளியில் சேர்ந்தபோது, ‘இவள் ரொம்பக் கூச்சப்படுகிறாள், தேறமாட்டாள்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே அப்போது கொடிகட்டிப் பறந்த மாணவி, பின்னாளில் ஹாலிவுட்டில் பெரிய நடிகையான பெட்டி டேவிஸ். 1930களிலிருந்து ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேஷங்கள், இரண்டாந்தரப் படங்கள். 1940இல் தன்னைவிட 6 வயது இளைய கியூபாக்காரப் பாடகர் டெசி ஆர்னஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ரேடியோ நாடகம் ஒன்று நன்றாகப் போனதும், அதை டிவிக்குக் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ் டிவி கம்பெனி கூப்பிட்டது. என் புருஷன்தான் நாடகத்திலும் புருஷன் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். வெள்ளைக்காரிக்குக் கியூபாப் புருஷனா, ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று அவர்கள் தயங்கினார்கள். இரண்டு பேரும் 1950இல் ஊர் ஊராக மேடையேறிச் சிரிக்கவைத்துக் காட்டிவிட்டு வந்தார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகச் சிரிக்கவைப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் ஒழுகினசேரிக்காரர், டி.ஏ.மதுரம் அவர் மனைவி. ஆனால் அந்த ஜோடியில் பேர் முதலில் கலைவாணருக்குத்தான். லூசி ஜோடியில் அடிபடுவதும் பெண்டாட்டி, பேர் வாங்குவதும் பெண்டாட்டி. டெசி பக்கத்தில் நின்று முழிப்பார்.

முதல் எபிசோடு 1951 அக்டோபர் 15 அன்று வந்தது. அன்று அவருக்கு 40 வயது. நம் சினிமாவில் அந்த வயதுக்கு அம்மா வேஷம் தேடிவரும்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் பெரிய காரியம். அப்போது பல நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நேரடியாக நடக்கும். மற்ற ஊர்களுக்கு அதையே டிவித் திரையிலிருந்து மங்கலாகப் படம் பிடித்து அனுப்புவார்கள். இவர்கள் லாஸ் ஏஞ்சலிசை விட்டு நகரமாட்டோம் என்று சொல்லி, ஜனங்களை எதிரே உட்காரவைத்து, மூன்று கேமராவில் நல்ல பிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவுக்குக் கார்ல் ஃபிராய்ண்ட் என்ற பெரிய ஆள். செலவு கூடியது. அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, எடுத்த படத்தின் உரிமையைத் தங்கள் கம்பெனிக்கே வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், கிலோவுக்குக் கூலியைக் குறைத்துக்கொள், பருப்பு எனக்கு என்று கேட்ட மாதிரி. மறுஒளிபரப்பு என்ற வியாபாரம் பெரிதாக வளர்ந்ததற்கு இந்த பிலிம் ஒரு முக்கியக் காரணம்.

1953 ஜனவரி 19 அன்று கதையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. அதே நாளில் நிஜத்திலும் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை. அந்த எபிசோடைப் பார்த்தவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர் என்கிறார்கள். மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை அத்தனை பேர் பார்க்கவில்லை. 6 சீசனில் 4 சீசன் முதலிடம். 1957இல் முதலிடத்தில் இருக்கும்போதே நிறுத்தினார்கள். தான் முன்னால் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவையே டெசியோடு சேர்ந்து விலைக்கு வாங்கினார். 1960இல் விவாகரத்து. 1962இல் டெசியின் பங்கையும் வாங்கி, ஸ்டுடியோவுக்குத் தானே முதலாளி ஆனார். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடர் அந்த ஸ்டுடியோவில் ஆரம்பித்ததுதான். 1967இல் அதை விற்றுவிட்டார். 1962லிருந்து 1974 வரை வேறு இரண்டு லூசி நாடகங்கள், அவையும் நன்றாகவே ஓடின.

ஆக, சரிவு என்று கேட்டால் அது ரொம்பப் பிந்தி வந்தது. ஆனால் வந்தபோது மோசமாக வந்தது.

சில நாள் கழித்து, 1986இல் வந்த ‘லைஃப் வித் லூசி’யிலிருந்து கொஞ்சம் அம்மைக்குப் போட்டுக் காட்டினேன். இது அதே ஆள்தான் என்று நான் சொல்லவில்லை. அப்போது லூசில் பாலுக்கு 75 வயது. கூட நடிக்கும் கேல் கார்டனுக்கு 80. ஒரு ஹார்டுவேர் கடை, அதில் பங்குக்காரியாக வந்து சேரும் பாட்டி. பேருக்குத்தான் பாட்டி வேஷம், உடம்பு செய்யவேண்டிய வேலையெல்லாம் பழைய லூசியுடையது. எதிரே இருந்த ஜனங்களின் சிரிப்புச் சத்தமும் கேட்கிறது.

அம்மை சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: ‘அவளப் பிடிக்க அங்க ஆளில்லியா?’

இதற்கு மேல் ஒரு விமர்சனத்தை நான் படிக்கவில்லை. 13 எபிசோடு எடுத்து, 8 ஒளிபரப்பியதோடு ஏபிசி சேனல் நிறுத்திவிட்டது. எழுதியவர்களில் பழைய ‘ஐ லவ் லூசி’ எழுத்தாளர்களும் இருந்தார்கள். தயாரிப்பு ஆரோன் ஸ்பெல்லிங், அன்றைக்குத் தொட்டதெல்லாம் ஓடிய ஆள். முதல் வாரம் கூட்டமாக வந்து பார்த்த ஜனங்கள் அடுத்தடுத்து வரவில்லை. எழுத்து பழசு, ஜோக் பழசு என்று ஆளாளுக்குக் காரணம் சொல்கிறார்கள். பழைய ஜோக்கெல்லாம் ஒரு காரணமா? அம்மை 1952இல் எழுதிய ஜோக்குக்குக் கண்ணீர் வரச் சிரித்தவள்.

ஒருத்தர் வழுக்கி விழுந்தால் நாம் சிரிப்பது, அவர் எழுந்துவிடுவார் என்று தெரிந்த பிறகுதான். 40 வயது லூசி எப்படி விழுந்தாலும் எழுந்துவிடுவாள், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 75 வயதில் அந்தச் சந்தேகம் முதலில் வந்துவிடுகிறது. 1972இலேயே பனிச்சறுக்கில் அவருக்குக் கால் முறிந்திருந்தது. அடுத்த சீசனில் மாவுக்கட்டோடுதான் நடித்தார். 1985இல் வீடில்லாத கிழவியாக ஒரு டிவி படத்தில் நடித்தார். வெயில் காலத்தில் நியூயார்க் தெருவில் கனத்த குளிர்கால உடுப்பைப் போட்டுக்கொண்டு நடித்து, உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இத்தனைக்கும் பிறகுதான் ஹார்டுவேர் கடை.

இன்னொன்றும் இருக்கிறது. கூலியைக் குறைத்துக்கொண்டு பிலிமில் எடுத்தார்கள் அல்லவா, அந்த பிலிம் கெடவே இல்லை. பழைய லூசி தினமும் ஏதாவது ஒரு சேனலில் மறுஒளிபரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள், அதே 40 வயதில். 1986இல் இந்தப் பாட்டிக்குப் போட்டியாக வேறு யாரும் வரவேண்டிய அவசியமே இல்லை.

அவர் உட்கார்ந்து நடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நம் மனோரமா ஆச்சியைப் பாருங்கள். வயசாக ஆக அம்மா, பாட்டி என்று மாறி, இருந்த இடத்திலிருந்தே வாயாலும் கண்ணாலும் சிரிக்கவைத்தார். லூசில் பாலுக்கு அது வரவில்லையா, பிடிக்கவில்லையா, என்னால் சொல்ல முடியாது. காசு தேவைப்பட்டு வந்தவர் இல்லை. வேலை இல்லாமல் இருக்கத் தெரியாதவர் என்று மட்டும் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படி உண்டு.

அம்மையே ஒரு காலத்தில் பெரிய நடிகைதான். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில், சூப்பர்வைசர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘உடைசல் ஏன் கூடுது’ என்று கத்துவதை நடந்து காட்டுவாள். கூட வரும் பெண்கள் ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் நடக்கமுடியாமல் நின்றுவிடுவார்கள். 2018இல் கிணற்றடியில் வழுக்கி முட்டு போனது. அதற்குப் பிறகு அந்த நடையை அவள் நடந்து பார்த்ததில்லை. ஒருநாள் அக்காள் பிள்ளைகளுக்காக நடந்து காட்ட எழுந்தாள். நாங்கள் எல்லாருமே சிரிக்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். அவளுக்குக் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நிகழ்ச்சி நின்ற சில நாட்களில், 1986 டிசம்பர் 2 அன்று டெசி ஆர்னஸ் இறந்தார். அதற்குப் பிறகு லூசில் பால் தொடர் எதிலும் நடிக்கவில்லை. 1989 மார்ச்சில் ஆஸ்கார் மேடைக்கு நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்போடு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, 77 வயதில் போய்விட்டார்.

இதையும் அம்மையிடம் சொன்னேன். கடையில் பார்த்த கிழவியும் சாக்லேட் கம்பெனிப் பெண்ணும் ஒரே ஆள்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘அந்த சாக்லேட்டையே ஒருக்கா கூடப் போடு’ என்றாள். போட்டேன். பெல்ட் ஓடியது, லூசி வாயில் திணித்தாள், அம்மை மறுபடியும் தலைப்பை எடுத்தாள். காட்சி முடிந்ததும் சொன்னாள்:

‘இவள எல்லாம் தோலுரிப்புல உக்கார வச்சா முழுப்பருப்பு ஒண்ணு தேறாது. எல்லாம் உடைசலு. கூலியும் கிடையாது.’