மாதவிலக்கு நின்றபின் ஏறும் பிரஷர்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 53. கிளினிக்கில் எப்போது அளந்தாலும் 110/70தான் இருக்கும். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகிறது. இப்போது 148/92 என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளாகப் பிரஷர். இருவருக்கும் ஒரே சமையல்தான். அவருடைய பெரிண்டோபிரில் மாத்திரையையே நானும் போடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: போடாதீர்கள் அம்மா. அந்த மாத்திரையைத் தொடங்கும்போது சிறுநீரகத்தின் வேலையையும் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். அவருக்குப் பார்த்தது உங்களுக்குப் பொருந்தாது.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்காகச் செல்கள் படிந்திருக்கின்றன. எண்டோதீலியம் என்பார்கள். அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிட்டு, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகின்றன. (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.) அதைச் சுரக்கத் தூண்டுவதில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனுக்குப் பெரிய பங்குண்டு. நாற்பது வயதில் பெரும்பாலும் கணவரைவிட மனைவிக்கு எண் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சினைப்பை ஓய்ந்ததும் அந்தத் துணை போய்விடுகிறது. குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின், எண்டோதீலின் ஆகியவற்றின் கை ஓங்குகிறது, பெருந்தமனியும் விறைக்கிறது. அறுபதைத் தாண்டும்போது பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். உப்பையும் இப்போது உடம்பு முன்போலச் சமாளிக்காது. அதே சமையல் உங்களுக்கு மட்டும் புதிதாகக் கெடுதல் செய்வது இதனால்தான்.

ஒரு நாளுக்கு உப்பு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் சோடியம் 2000 மில்லிகிராம். ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) சுமார் 900 போய்விடும். கருவாடு, நெத்திலி சம்பல், நாசி கண்டார் கடையில் வெள்ளமாக ஊற்றச் சொல்லும் குழம்பு எல்லாம் தனிக்கணக்கு.

கிளினிக்கில் பார்த்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வீட்டில் ஏழு நாள், காலையில் பசியாறுவதற்கும் மாத்திரைக்கும் முன்பாகவும், இரவில் படுக்கப்போகும் முன்பும் அளந்து எழுதுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே கோப்பி, தேநீர் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உண்மையான உயர் அழுத்தம்.

பெண்கள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை கைப்பட்டை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு 32 சென்டிமீட்டரைத் தாண்டினால் சாதாரணப் பட்டை போதாது. எண்ணை உயர்த்திக் காட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு அளப்பதும் தவறு.

ஹார்மோன் மாத்திரை பிரஷருக்கு மருந்தல்ல. வாய்வழி எடுக்கும் சிலருக்கு அது எண்ணை ஏற்றவும் செய்யும்.

கேள்வி: பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம் தொடங்கியதிலிருந்து மாலையில் கணுக்கால் இரண்டும் வீங்குகின்றன. நீர் மாத்திரை வாங்கிப் போட்டும் குறையவில்லை.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: குறையாது. உடம்பில் நீர் சேர்ந்ததால் வந்த வீக்கமல்ல இது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. இது பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 5 மில்லிகிராமாகக் குறைத்து, கூடவே லோசார்ட்டான் அல்லது தெல்மிசார்ட்டான் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவை சிரைப்பக்கத்தையும் தளர்த்துவதால் வீக்கம் பெரும்பாலும் வடியும். பெரிண்டோபிரிலும் வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் அது தரும் வறட்டு இருமலும் பெண்களுக்கே கூடுதல். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 29 வயது. முதல் பிரசவத்தில் பிரஷரும் சிறுநீரில் புரதமும் வந்தன. இப்போது எல்லாம் சரி. மறந்துவிடலாமா?
– ஒரு தாய், ஜெலுத்தோங்

பதில்: மறக்கக் கூடாது. பிற்காலத்தில் உயர் அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அவருக்கு மற்றவர்களைவிட அதிகம். வருடத்துக்கு ஒரு முறையாவது அளக்கட்டும். ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் கிளினிக்கில் இதைச் சொல்ல வேண்டும். அடுத்த கர்ப்பம் உறுதியானதும் உடனே போகட்டும்: குறைந்த அளவு ஆஸ்பிரின் 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பெரிண்டோபிரில், லோசார்ட்டான் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது.

கேள்வி: வயது 46, பிரஷர் 150/95. தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைகிறது. கடையில் மாத்திரை வாங்கலாமா?
– வாசகர், குளுகோர்

பதில்: இதுவும் அதே நைட்ரிக் ஆக்சைடு குறைந்ததன் விளைவாக இருக்கலாம். ஆணுறுப்பின் தமனி இதயத் தமனியைவிடக் குறுகலானது, அதனால் கோளாறு அங்கே முதலில் தெரிகிறது. சர்க்கரை, கொழுப்பு, இசிஜி மூன்றையும் பார்க்காமல் மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துகிறவர் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.