21 கிலோமீட்டர் ஓட எத்தனை டப்பா வேண்டும்?

கேள்வி: வயது 34, எடை 60 கிலோ. மன்னார்குடியில் வசிக்கிறேன். விடியற்காலையில் வாய்க்கால் கரையோரம் ஓடிப் பழகி, தை மாதத்தில் முதல் அரை மாரத்தான் ஓடவிருக்கிறேன். இரண்டேகால் மணி நேரம் ஆகலாம். பிசிஏஏ (புரதத்தின் கூறுகளான சில அமினோ அமிலங்கள்), கிரியேட்டின் (தசை வலுவுக்கென விற்கும் பொடி), பீட்ரூட் பொடி, வைட்டமின் மாத்திரை எல்லாம் வாங்குமாறு ஜிம் பயிற்சியாளர் சொல்கிறார். எது உண்மையில் பயன்படும்?

பதில்: அந்தப் பட்டியலில் இல்லாத மாவுச்சத்துதான் உங்களுக்கு முதல் தேவை. மாவுச்சத்திலிருந்து உருவாகி, தசையிலும் கல்லீரலிலும் எரிபொருளாகச் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன், விடாமல் வேகமாக ஓடினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெருமளவு குறைந்துவிடும். பதினாறு, பதினேழாவது கிலோமீட்டரில் கால் கனப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரையும் இரண்டு சிட்டிகை உப்பும் கரைத்தால், கடையில் விற்கும் பானத்துக்கு ஏறக்குறைய நிகரானது கிடைத்துவிடும். பூவன் பழம் ஒத்துக்கொள்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். டெல்டாவின் புழுக்கத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் முடியக்கூடும் என்பதால், தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதே பாதுகாப்பு.

அடுத்தது காபி. நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் அளவைச் சொல்லியாக வேண்டும். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதாவது உங்களுக்கு 180 மில்லிகிராம் காஃபின், களைப்பு உணர்வைத் தள்ளிப்போடுகிறது. டிகாக்ஷனின் கெட்டியைப் பொறுத்து ஃபில்டர் காபியில் காஃபின் மிகவும் மாறுபடுவதால் கணக்குத் துல்லியமாக வராது. படபடப்போ வயிற்றுக் கலக்கமோ வருமானால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

பீட்ரூட்டில் விஷயம் இருக்கிறது. அதிலுள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உருவாக்குகிறது. அதனால் அதே வேகத்தில் ஓடச் செலவாகும் ஆக்சிஜன் சற்றுக் குறைகிறது. பயன் சிறியதுதான், எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இராது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சாறாகக் குடியுங்கள். அன்று கிருமிநாசினி மவுத்வாஷ் கொண்டு வாய் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்கள் அழிந்து பலன் போய்விடும். மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தால் பதற வேண்டாம். பொடிகளில் நைட்ரேட் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காய்கறிக் கடையே மேல்.

கிரியேட்டின் பளு தூக்குபவருக்கும் குறுந்தூர ஓட்டக்காரருக்கும் உரியது. தசையில் நீரைத் தேக்கி எடையைக் கூட்டக்கூடிய அது நெடுந்தூரம் ஓடுபவருக்குச் சுமைதான். பருப்பும் முட்டையும் மீனும் போதிய அளவு சாப்பிடுபவருக்குப் பிசிஏஏ தேவையில்லை. வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் தினமும் விழுங்குவது, பயிற்சியால் தசையில் நிகழ வேண்டிய மாற்றங்களையே மட்டுப்படுத்தக்கூடும் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணமில்லாத களைப்பு இருந்தால் மாத்திரைக்கு முன் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறைவில்லாதவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவது தீங்கு.

காபி, சர்க்கரைத் தண்ணீர், பீட்ரூட் எதையும் போட்டியன்று முதன்முறையாக முயல வேண்டாம். மூன்று வாரம் முன்பே, 15 கிலோமீட்டர் ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், போட்டி தொடங்கும் அதே நேரத்தில் அதே அளவுகளை வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.