கை தசைநார் அறுந்தால் ஆபரேஷனை மீன்பிடித் தடைக்காலம் வரை தள்ளிப்போடலாமா?

தள்ளிப்போட வேண்டாம். போன வாரம் படகில் ஐஸ் பெட்டி தூக்கியபோது முழங்கை மடிப்பில் 'படக்' என்றது, முன்கை கன்னிப்போனது, புஜத்துச் சதை மேலே உருண்டு நிற்கிறது, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு இரண்டு மாதம்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்ததும் இதேதான். அவரும் தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். அக்கா விடவில்லை.

புஜத்தின் முன்பக்க பைசெப்ஸ் தசையின் கீழ்முனை நார் எலும்பை விட்டு அறுந்திருந்தால் சதை மேலே சுருங்கிக்கொண்டே போகும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் என்றால் நாரைக் கீழே இழுத்து, சின்ன உலோகப் பொத்தான் வைத்து எலும்பிலேயே பொருத்திவிடலாம். நாள் கடந்தால் வேறு இடத்து நாரை எடுத்து ஒட்டுப்போட வேண்டி வரலாம்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வலி சீக்கிரமே குறைந்துவிடும். முழங்கையை மடக்க அடியில் இன்னொரு தசை இருப்பதால் சாப்பிடலாம், சட்டை போடலாம். எண்ணெய்க் கட்டிலேயே குணமாகிவிட்டது என்று தோன்றும். போவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலம். அப்படியே விட்டால் அதில் ஏறக்குறைய 40 சதவீதமும், மடக்கும் பலத்தில் 30 சதவீதமும் குறையலாம். வலது கையால் எஞ்சின் நட்டை இறுக்குபவருக்கு அது சின்ன இழப்பு இல்லை. பாரம் தூக்காத வயதானவர் என்றால் ஆபரேஷன் இல்லாமலே சமாளிக்கலாம். கடலுக்குப் போகிறவருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டுங்கள். எக்ஸ்ரேயோடு திரும்பிவிடாதீர்கள், அதில் நார் தெரியாது. முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பில் நார் விரலுக்குச் சிக்குகிறதா என்று டாக்டர் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் முன்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகிவிடும். அக்கா வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் ஆனது. பாரம் தூக்கும் வேலைக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். அதனால் இப்போதே செய்துகொண்டால் தடைக்காலத்தின் 61 நாளும் அந்த ஓய்விலேயே கழிந்துவிடும். ஏப்ரலில் செய்தால் ஜூன் 14-க்கு அப்புறம் எல்லாப் படகும் கடலுக்குப் போகும்போது நீங்கள் மட்டும் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும்.