மெமரி கார்டு: பரணில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது

செல்போன் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு இது இருபதாவது ஆண்டு. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே மெமரி கார்டைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: என் போனில் 32 ஜிபிதான் இடம். தினமும் 'இடம் போதவில்லை' என்று சொல்கிறது. 64 ஜிபி கார்டு வாங்கிப் போட்டேன். கார்டு காலியாகவே கிடக்கிறது, போனின் புலம்பலும் நிற்கவில்லை. கார்டு பழுதா?

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, டீச்சர். வீட்டில் புதிதாகப் பரண் கட்டினால் சாமான்கள் தாமாக ஏறி உட்காருமா? நாம்தான் ஏற்ற வேண்டும். கேமராவின் அமைப்புகளில் 'சேமிக்கும் இடம்' என்று இருக்கும், அதைக் கார்டுக்கு மாற்றுங்கள். இனி எடுக்கும் படங்கள் அங்கே போகும். பழைய படங்களைக் கோப்பு மேலாளரில் தேர்ந்தெடுத்து நீங்களே கொண்டுபோக வேண்டும். ஐயாயிரம் படங்களை ஒரே மூச்சில் நகர்த்தாதீர்கள். சில நூறு படங்களாக நகலெடுத்து, கார்டில் திறந்து பார்த்துவிட்டு, அதன்பின் போனில் இருப்பதை அழியுங்கள்.

ஆனால் உங்கள் போனை அடைத்துக்கொண்டிருப்பது கேமராப் படங்கள் அல்ல, வாட்ஸ்அப் என்றே நினைக்கிறேன். எத்தனை வகுப்புக் குழுக்களில் இருக்கிறீர்கள்? வருகிற படங்களையும் வீடியோக்களையும் வாட்ஸ்அப் போனின் சொந்த நினைவகத்தில்தான் வைக்கும். கார்டுக்கு மாற்றும் வசதி அதில் இல்லை. தானாகப் பதிவிறக்குவதை நிறுத்துங்கள். பிறகு அதன் அமைப்புகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போனால், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். காலை வணக்கப் பூங்கொத்துகளை அங்கேயே அழித்துவிடலாம். வேண்டிய வீடியோக்களை மட்டும் கார்டுக்கு நகர்த்துங்கள். நகர்த்தியவை அரட்டைக்குள் தட்டினால் திறக்காது, கார்டில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

திருநெல்வேலிக் கல்லூரி மாணவர்: அண்ணா, என் போனில் இரண்டு சிம் போட்டிருக்கிறேன். கார்டுக்கு இடமே இல்லையே?

பதில்: தம்பி, சிம் ட்ரேயை வெளியே இழுத்து இரண்டாவது குழியைப் பாருங்கள். சிம் அல்லது கார்டு, இரண்டில் ஒன்று என்று எழுதியிருந்தால் அது கூட்டுக் குழி. சில மாடல்களில் ஒரு எண்ணை இ-சிம்முக்கு, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்முக்கு, மாற்றிவிட்டு அந்தக் குழியில் கார்டைப் போடலாம். கார்டு வாங்குவதற்கு முன்பே போன் நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிம்மின் பிளாஸ்டிக்கை உரித்து, சில்லை மட்டும் கார்டின் மேல் ஒட்டி இரண்டையும் ஒரே குழியில் திணிக்கும் வித்தையை யாராவது சொல்லித் தருவார்கள். அப்படித் திணித்து, ட்ரே வெளியே வராமல் என் மேஜைக்கு வந்த போன்கள் பல. குழியின் கம்பிகள் வளைந்துவிட்டால், கார்டின் விலையைவிடப் பழுதுக்கூலி அதிகமாகிவிடும்.

காரைக்குடியிலிருந்து ஒருவர்: கார்டின் மேல் 10, யு3, வி30, ஏ1, ஏ2 என்று பொடிப்பொடியாக அச்சிட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: வட்டத்துக்குள் 10 என்று இருந்தால், தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்காது என்று பொருள். யு1 என்பதற்கும் அதே அளவுதான். யு3, வி30 இரண்டும் நொடிக்கு 30 எம்பி. வீடியோ எடுக்கும்போது பார்க்க வேண்டியவை இவைதான். போனில் 4கே வீடியோ எடுப்பவருக்கு யு3 தாராளம்.

ஏ1, ஏ2 என்பவை வேறு கணக்கு. செயலிகள் பெரிய கோப்பு ஒன்றை நிதானமாகப் படிப்பதில்லை. ஆயிரம் துண்டுகளை ஆயிரம் இடங்களிலிருந்து பொறுக்கும். ஏ1 கார்டால் நொடிக்கு 1500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் முடிய வேண்டும். ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2 அந்த வேகத்தைக் காட்டுவதற்குப் போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், பெரும்பாலான போன்கள் ஒத்துழைப்பதில்லை. எனவே ஏ1, யு3 இரண்டும் அச்சிட்ட கார்டு போதும். ஏ2 அதே விலைக்குக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் 150, 190 எல்லாம் படிக்கும் வேகம், அதுவும் அந்த நிறுவனத்தின் சொந்த ரீடரில் (கார்டைக் கணினியில் படிக்க உதவும் கருவி) வரும் வேகம். போன்களில் இருக்கும் வழக்கமான குழியின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பிதான்.

வேலூரிலிருந்து: 128 ஜிபி கார்டு 119 என்றுதான் காட்டுகிறது. மீதி 9 ஜிபி எங்கே?

பதில்: எங்கேயும் போகவில்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கருவி 1024 ஆல் வகுக்கிறது. 64 ஜிபி கார்டு 59 என்று காட்டுவதும் அதே கணக்குத்தான்.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. மகளின் ஐந்து வருடப் படங்கள் கார்டில்தான் இருக்கின்றன என்று தைரியமாக இருந்தேன். வேறு போனில் போட்டால் 'கார்டு காலி, ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. வாங்கிய புதிதில் கார்டைப் போனின் உள் நினைவகமாக மாற்றியது நினைவிருக்கிறது. மீட்க முடியுமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. ஃபார்மட் செய்யச் சொல்லி எது கேட்டாலும் 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள். கார்டை எடுத்து ஓர் உறையில் பத்திரமாக வையுங்கள்.

நடந்தது இதுதான். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலிருந்து, கார்டைப் போனோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி வந்தது. சேர்க்கும்போது கார்டில் இருந்த எல்லாம் அழியும். அதன்பின் எழுதப்படுபவை அனைத்தும் மறையாக்கம் செய்யப்படும், அதைத் திறக்கும் சாவி போனுக்குள் மட்டுமே இருக்கும். வேறு போனிலோ கணினியிலோ போட்டால், பூட்டிய பெட்டியைக்கூட அவை பார்ப்பதில்லை, வெற்றிடமாகத்தான் தெரியும். உங்கள் கார்டு பிழைத்திருக்கிறது, சாவி செத்த போனுக்குள் இருக்கிறது.

ஆகவே கார்டை மீட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் போனின் போர்டைப் பழுதுபார்க்கச் செலவிடுங்கள். திரை உடைந்திருந்தாலும், பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை. போன் ஒரு முறை உயிர் பெற்று, உங்கள் பூட்டு எண்ணை ஏற்று, கார்டை அடையாளம் கண்டால் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் படங்களை வெளியே எடுத்துவிடலாம். பழுதுபார்ப்பவரிடம் 'எக்காரணம் கொண்டும் ரீசெட் செய்யாதீர்கள்' என்று எழுதியே கொடுங்கள். ரீசெட் செய்தால் சாவியும் போய்விடும். கடைக்குப் போவதற்கு முன், உங்கள் கூகுள் கணக்கில் வேறு போன் வழியாக நுழைந்து கூகுள் போட்டோஸில் பாருங்கள். தெரியாமலே மேலே ஏறியிருக்கும் படங்களைப் பார்த்து அழுதவர்கள் என் கடையில் உண்டு.

மற்றவர்களுக்கு என் கருத்து: இந்த வசதியை 8, 16 ஜிபி போன்கள் இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் பயன்படுத்தினோம். இன்று தேவையில்லை. சாம்சங் தன் போன்களில் இதை வெளியே காட்டாமலே விட்டது. அந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம். பரணில் அடுப்பு மூட்டிச் சமைக்கக் கூடாது.

கும்பகோணத்திலிருந்து: இணையத்தில் 1 டிபி கார்டு 499 ரூபாய்க்கு வருகிறது. போனில் போட்டால் 1 டிபி என்றுதான் காட்டுகிறது என்று வாங்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கார்டுக்குள் நினைவகச் சில்லும், அதை மேய்க்கும் சின்ன மூளை ஒன்றும் இருக்கின்றன. 'நான் எவ்வளவு பெரியவன்' என்று போனுக்குச் சொல்வது அந்த மூளை. அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது எளிது. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும், வாய் மட்டும் 1 டிபி என்று சொல்லும்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும், புதிதாக எழுதுபவை பழையவற்றின் மேல் ஏறும், அல்லது காற்றில் கரையும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருக்கும். படத்தைத் திறந்தால் பாதி சாம்பல் நிறம், வீடியோ ஓடாது. கல்யாண வீட்டில் எடுத்த படங்கள் போய்விட்டன என்று வருபவர்களின் கார்டை வாங்கிப் பார்த்தால், பாதி நேரம் இந்தக் கதைதான். 2012இல் மொத்தக் கடை ஒன்றில் பை நிறைய மலிவாக வாங்கி நானே ஏமாந்தேன். விற்றுவிட்ட கார்டுகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கே வாங்கினாலும் முதல் நாளே சோதியுங்கள். கார்டு முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸ் கணினியில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச நிரல்கள் இதைச் செய்யும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்வது முக்கியம்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு வீடியோக் கலைஞர்: திருமண வீடியோ 6 ஜிபி. டேப்லெட்டில் உள்ள 32 ஜிபி கார்டு காலியாக இருந்தும் நகலெடுக்க மறுக்கிறது.

பதில்: 4 முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கும் முறையில் வருகின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கார்டு எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. 64 ஜிபியிலிருந்து எக்ஸ்ஃபேட், அதில் இந்தச் சிக்கல் இல்லை. டேப்லெட்டின் விவரத்தில் எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு வகை) என்று இருந்தால் 64 ஜிபி கார்டு வாங்குங்கள். எஸ்டிஹெச்சி (32 ஜிபி வரையிலான வகை) என்று மட்டும் இருந்தால் வீடியோவை இரண்டாக வெட்டுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கார்டு 'பழுதாகிவிட்டது' என்று செய்தி வருகிறது. உண்மையான கார்டுதான், உள் நினைவகமாகவும் மாற்றவில்லை.

பதில்: உடனே வெளியே எடுத்து, ரீடரில் போட்டுக் கணினியில் பாருங்கள். பல நேரம் குற்றவாளி போனின் குழிதான். கணினியிலும் படங்கள் தெரியவில்லை என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். மீட்பவற்றைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் எழுதாதீர்கள். கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்கள் பெரும்பாலும் வரும். மீட்டபின் அந்தக் கார்டை மறுபடி நம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்து: விலை உயர்ந்த போன்களில் ஏன் கார்டுக் குழியையே எடுத்துவிட்டார்கள்?

பதில்: தண்ணீர் புகாமல் இருக்க என்பார்கள். அதை நம்பாதீர்கள். சாம்சங் 2015இல் கேலக்ஸி எஸ்6இல் குழியை எடுத்தது, 2016இல் எஸ்7இல் திருப்பிக் கொடுத்தது. அந்த எஸ்7 தண்ணீரையும் தாங்கியது. மறுபடி 2021இல் எஸ்21இல் எடுத்துவிட்டது. நியாயமான காரணம் ஒன்று உண்டு: இன்றைய போனின் உள் நினைவகம் நொடிக்கு இரண்டாயிரம் எம்பிக்கு மேல் படிக்கும், கார்டு நூறைத் தாண்டத் திணறும். சொல்லாத காரணம், 128 ஜிபி போனுக்கும் 256 ஜிபி போனுக்கும் இடையில் அவர்கள் வைக்கும் விலை வித்தியாசம். ஐபோனில் குழி என்றுமே இருந்ததில்லை. டைப்-சி வந்த ஐபோன் 15 முதல், கார்டு ரீடரைச் செருகி ஃபைல்ஸ் செயலியில் திறக்கலாம்.

சேலத்திலிருந்து: போனைப் பழுதுக்குக் கொடுக்கும்போது கார்டு உள்ளேயே இருக்கலாமா?

பதில்: கடைக்காரனான நானே சொல்கிறேன், கழற்றிவிடுங்கள். போனுக்குப் பூட்டு எண் இருக்கிறது, சாதாரணமாகப் போட்ட கார்டுக்கு இல்லை. எடுத்து ரீடரில் போட்டால் யாருக்கும் திறக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: பழைய போனின் 2 ஜிபி கார்டு ஒன்றைப் பீரோவில் பத்து வருடங்களாக வைத்திருக்கிறேன். பாட்டியின் குரல் பதிவு அதில் இருக்கிறது. அப்படியே வைத்திருந்தால் கெடாதுதானே?

பதில்: கெடும். கார்டு தரவை மின்னூட்டமாகத்தான் பிடித்துவைத்திருக்கிறது. வருடங்கள் போகப்போக அது மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. இன்று மாலையே எடுங்கள். 2 ஜிபி கார்டு பழைய வகை என்றாலும் இன்றைய ரீடர்களும் படிக்கும். கார்டில் எதையும் எழுதாமல், மொத்தத்தையும் கணினிக்கு நகலெடுத்து, இன்னொரு பிரதியை உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு சகோதரருக்கும் அனுப்பிவிடுங்கள். அந்தக் கால போன்கள் குரலைப் பெரும்பாலும் ஏஎம்ஆர் என்று முடியும் கோப்பாகத்தான் பதிவு செய்தன. சாதாரணப் பாட்டுச் செயலியில் திறக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள், விஎல்சியில் போட்டுக் கேளுங்கள்.